நரிவால் கட்டும் அக்கா

அன்று பேருந்து நிலையம் வரை ஓடியவர் எதற்காகத் திரும்பி வந்தார்? என் மகளுக்காகவா, தன் மகளுக்காகவா? சில வருடங்களாக இதை யோசித்துக்கொண்டிருக்கிறேன். காலையில் ஒரு பதில் சரியென்று படுகிறது. மத்தியானம் துணி காயப்போடும்போது அதுவே தப்பாகத் தெரிகிறது. அவரைக் கேட்டால் தெரிந்துவிடும் என்றும் சொல்ல முடியாது. அவரே இரண்டு பதில் சொன்னவர்.

அவர் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் கோபித்துக்கொள்வாரா, சிரிப்பாரா என்று தெரியாததால் ‘அக்கா’ என்றே எழுதுகிறேன். அப்படித்தான் அவரைக் கூப்பிட்டேன்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையின் ஓரத்தில், நெடுஞ்சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி ஒரு நர்சரி. தாவரவியல் படித்துவிட்டு அங்கே ஆபீசில் உட்கார்ந்திருந்தேன். கம்பெனிகளுக்குத் தோட்டம் போட்டுத் தரும் காண்டிராக்டர்கள் போன் செய்வார்கள். எந்தச் செடி இருக்கிறது, வண்டி எப்போது வரும் என்று சொல்வேன். வேலை அவ்வளவுதான். காலையில் போனால் இலைகள் மேல் இரும்புத் தூள் மெல்லிய செம்மண் போலப் படிந்திருக்கும். அதைக் கழுவிவிட்டுத்தான் வண்டியில் ஏற்றுவோம்.

எங்களிடம் அதிகம் போனது ஒரு புல். ஆள் உயரத்துக்கு வளர்ந்து, வளைந்து தொங்கி, நுனியில் பழுப்பும் ஊதாவுமாகக் கதிர் விடும். காண்டிராக்டர்கள் அதற்கு ஏதோ ஆங்கிலப் பெயர் சொல்வார்கள். நர்சரியில் எல்லோருக்கும் அது நரிவால். கம்பெனிச் சுவர் ஓரமாக நட்டுவிட்டால் தண்ணீர் அதிகம் கேட்காது, சீக்கிரம் பச்சையாகத் தெரியும். எங்கள் பின்பக்கச் சுவரை ஒட்டி லாரி டயர் அகலத்துக்குப் பழைய தூர்கள் இருந்தன. அவற்றைத் தோண்டி எடுத்து, துண்டு துண்டாகப் பிரித்து, கறுப்பு கவர்களில் நடுவதுதான் அக்காவின் வேலை.

அந்தப் புல்லின் அருகே சும்மா போக முடியாது. இலையின் விளிம்பு கையைக் கிழித்துவிடும். அக்கா புடவைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு, கட்டிப்பிடிப்பது போல இரண்டு கையாலும் தூர் முழுவதையும் சேர்த்து அணைப்பார். அப்படியே தலைமுடியை வாரிக் கட்டுவது மாதிரி மேலே, நடுவே, கீழே என்று கட்டுவார். கட்டியபின் தலையை வெட்டிவிட்டு, சுற்றிலும் மண்ணைப் பறித்து, எதிரெதிராக இரண்டு பேர் கடப்பாரையை அடியில் கொடுத்து நெம்புவார்கள். தூர் சாய்ந்ததும் சாக்கில் உருட்டி ரம்பத்தால் அறுப்பார்கள். பழைய தூரின் நடுப்பகுதி காய்ந்து செத்துக் கிடக்கும். அதைத் தூக்கி எறிந்துவிட்டு ஓரத்தில் உயிரோடு இருப்பதை மட்டும் பிரிப்பார்கள். பிரித்த ஒவ்வொரு துண்டையும் அக்கா மறுபடியும் ஒரு கட்டுக் கட்டித்தான் கவரில் வைப்பார். வேர் பிடிக்கும் வரை குருத்து சாயாமல் இருக்க அந்தக் கட்டு. வேர் பிடித்ததும் அவிழ்த்துவிட வேண்டும், இல்லையென்றால் உள்ளே புழுங்கி அழுகிவிடும். அவிழ்ப்பதும் அவரேதான். வேறு யாரும் அவர் முடிச்சில் கை வைக்கமாட்டார்கள். வைத்தாலும் அவிழாது.

கட்டுவதற்குப் பழைய புடவைகளைப் பட்டை பட்டையாகக் கிழித்து வைத்திருப்பார். அவை அவருடைய இடது மணிக்கட்டில் வளையல் போலச் சுற்றியிருக்கும். ஒரு பட்டையைக்கூட அறுத்து நான் பார்த்ததில்லை. அவிழ்த்து, நீவி, மறுபடி கையில் சுற்றிக்கொள்வார்.

புல்லை மட்டுமா கட்டினார்? சாப்பாட்டுத் தூக்கின் மூடியைக் கட்டுவார். தண்ணீர்க் கேனின் மூடியைக் கேனோடு சேர்த்துக் கட்டுவார். யாருடைய சைக்கிளாவது ஸ்டாண்டில் கோணலாக நின்றால் அதைத் தூணோடு கட்டுவார். செடிகளுக்குத் தண்ணீர் விடும் லூர்தம்மா ஒருமுறை குனிந்து வேலை செய்துகொண்டிருந்தபோது, அவிழ்ந்து கிடந்த அவர் கொண்டையை அக்கா பின்னாலிருந்து கட்டிவிட்டார்.

“ஏம்மே, உன் புருசன ஒரு தபா இந்த மாரி கட்டி வெச்சிருந்தீன்னா காட்டுப்பள்ளிக்கு வேலைக்குப் போயி அங்கியே தங்கிக்கினு இருப்பாரா?” என்றார் லூர்தம்மா.

“அத்தக் கட்னா நான்தான் மூணு வேளையும் சோறு ஊட்டணும். அது போவட்டும், உடு.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்போது என் மகளை நர்சரிக்கு அழைத்து வரத் தொடங்கவில்லை.

நாத்தனாரின் பிரசவத்துக்காக என் மாமியார் ஆர்.கே.பேட்டைக்குப் போனார். கணவருக்கு ஷிப்டு வேலை. மகள் அப்போதுதான் நடக்கத் தொடங்கியிருந்தாள். விடுவதற்கு இடமில்லாமல் நர்சரிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். அங்கே தரை மட்டத்தில் திறந்த தண்ணீர்த் தொட்டி இருந்தது. தோண்டிய குழிகள் இருந்தன. டிராக்டர் பின்னால் பார்க்காமல் வரும். இதெல்லாம் தெரிந்துதான் போனேன், வேறு வழி யோசிக்கத் தெரியவில்லை.

முதல் நாள் காலையில் நான் போனில் பேசிவிட்டுத் திரும்புவதற்குள் அக்கா என் மகளின் இடுப்பில் ஒரு புடவைப் பட்டையைக் கட்டி, அதோடு நைலான் கயிற்றை முடிந்து, பச்சை வலைப் பந்தலின் இரும்புக் குழாயில் கட்டிவிட்டார். தொட்டிப் பக்கம் அவளை நடக்கவிட்டு, எட்டாத தூரம் பார்த்துத்தான் கயிற்றின் நீளம்.

“அக்கா, என்ன பண்றீங்க? குழந்தைக்கா!”

“கொயந்தன்னுதாம்மா கட்றேன். பெரிய ஆளுன்னா ஒக்கார வெச்சி புத்தி சொல்லியிருப்பேன்.”

அவிழ்க்கச் சொன்னேன். கோபப்படாமல் அவிழ்த்தார். மத்தியானத்துக்குள் ஒரு கையில் மகள், ஒரு கையில் போன் என்று ஆகிவிட்டது. நான் வண்டி எண்ணைக் குறிக்கும் நேரத்தில் அவள் உர மணிகளை வாயில் போட்டுக்கொண்டாள். விரலை விட்டுத் தோண்டி எடுத்தேன். சாப்பாட்டுக்குப் பிறகு அவளைத் தூக்கிக்கொண்டு பந்தலுக்குப் போய் நின்றேன். அக்கா மணிக்கட்டிலிருந்து ஒரு பட்டையை உருவினார்.

என் மகள் அழவில்லை. இதுவும் எனக்கு விளங்காத விஷயம். குழாயைச் சுற்றிச் சுற்றி நடப்பாள். கயிறு சுருங்கிச் சுருங்கிக் குழாயோடு ஒட்டிக்கொள்ளும்போது உட்கார்ந்துவிடுவாள். “அந்தாண்ட திரும்பிச் சுத்துடி ராசாத்தி” என்று அக்கா குரல் கொடுப்பார். சில நாளில் யாரும் சொல்லாமலே எதிர்ப்பக்கமாகச் சுற்றக் கற்றுக்கொண்டாள்.

என் கணவர் ஒருநாள் ஷிப்டு முடிந்து எங்களை அழைத்துப்போக வந்தவர் இதைப் பார்த்துவிட்டார். “இன்னா இது, மாடா?” என்று கத்தினார்.

“மாட்ட மேயறதுக்குக் கட்டுவாங்கோ தம்பி. இது மண்ணு துன்னாம இருக்கறதுக்கு,” என்றார் அக்கா, ரம்பத்தை நிறுத்தாமல்.

வீட்டுக்கு வந்து, “வேலைய உட்டுடு” என்றார் கணவர். “அத்தை வர்ற வரைக்கும்தாங்க” என்றேன். அவர் சொன்னதும் நியாயம், நான் சொன்னதும் நியாயம் என்று அன்றைக்கு நினைத்தேன். வேலையை விட்டால் வீட்டில் இருக்கலாம். வீட்டில் இருப்பதை நினைத்தாலே மூச்சு முட்டியது. மகளைக் குழாயோடு பார்க்கும்போதும் அப்படித்தான் முட்டியது.

இப்படிக் கட்டுகிறவருக்கு ஒரு காரணம் இருக்கும், பறிகொடுத்த குழந்தை ஏதாவது இருக்கும் என்று நானே முடிவு செய்துவைத்திருந்தேன். அப்படி இருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும் போல. ஒரு டீ நேரத்தில் தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

“எனக்கா? எனக்குப் பொறந்ததே ஒன்னு. அதோ, கடப்பார புடிச்சிக்கினு கண்ணு முன்னால கீது.” பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார். “இன்னா, எல்லாத்துக்கும் ஒரு கத வேணுமா உனக்கு?”

கடப்பாரை பிடித்திருந்தவள் அவர் மகள். பிளஸ் டூ முடித்தவள். தூரை நெம்பும்போது எப்போதும் அம்மாவுக்கு எதிர்ப்பக்கம் நிற்பாள். எளாவூர்ப் பக்கத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் வரும்போது அவள் துப்பட்டாவின் நுனி அம்மாவின் கையில் இருக்கும். அவளுடைய போன் அம்மாவின் இடுப்புப் பையில் இருக்கும். பாத்ரூமுக்குப் போய்க் கொஞ்சம் தாமதித்தாலும், “ஏய், இன்னாடி அங்க?” என்று குரல் போகும்.

ஒருநாள் அவள் ஆபீசுக்குள் வந்து கதவோரமாக நின்றாள். “அக்கா, நீங்க சொன்னா எங்கம்மா கேக்கும். பெரும்புதூர் பக்கம் கம்பெனில பொண்ணுங்கள எடுக்கறாங்க. ஹாஸ்டல் கீது. எங்கூட படிச்சதுங்க எல்லாம் போயிடுச்சுங்க. நான் மட்டும் புல்லு புடுங்கிக்கினு கீறேன்.”

சொல்லலாமா என்று இரண்டு மூன்று நாள் குழம்பினேன். அவர்கள் வீட்டு விஷயம் என்று ஒரு பக்கம். கேட்டு வந்தவளைத் திருப்பி அனுப்புவதா என்று மறுபக்கம். கடைசியில் அக்கா தூரைக் கட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய்ச் சொன்னேன்.

“அனுப்பித்தான் பாருங்களேன், அக்கா. படிச்ச பொண்ணு.”

“அங்க எவ பாத்துக்குவா?”

“வார்டன் இருப்பாங்க. கேமரா எல்லாம் வெச்சிருப்பாங்க.”

“நான் உசுரோட இருக்கும்போது கேமரா இன்னாத்துக்கு?” முடிச்சை இறுக்கினார். “நீ உன் புள்ளய ஊட்ல உட்டுட்டு வர முடியாமத்தான இங்க தூக்கியாந்த? எனக்கு மட்டும் புத்தி சொல்ற.”

ரப்பர் குழாயை மடக்கிப் பிடித்துத் தண்ணீரை நிறுத்திவிட்டு லூர்தம்மா கேட்டார்: “புல்ல இத்தினி துண்டா பிரிச்சி ஊரு ஊரா அனுப்பற. பொண்ண ஒரு பஸ்ஸு ஏத்த மாட்டியாமே நீ?”

“போன எடத்துலருந்து புல்லு போன் பண்ணி அழுவாது.”

எதிர்ப்பக்கம் நின்ற மகள் அம்மாவைப் பார்க்கவில்லை. கடப்பாரையை மண்ணில் ஓங்கிக் குத்தினாள்.

அடுத்து வந்த மழைக்காலத்தில் அது நடந்தது. ஒரு கம்பெனிக்கு நிறைய நரிவால் வேண்டுமென்று அவசரம். நான் முன்வாசலில் லாரியில் ஏற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மகள் வழக்கம்போலப் பந்தலில் அக்காவின் பக்கத்தில் இருந்தாள். வானம் இருட்டிக்கொண்டு வந்து சட்டென்று மழை கொட்டியது. எல்லோரும் தகரக் கூரைக்கு ஓடினோம். அக்கா இருக்கிறாரே, குழந்தையைத் தூக்கியிருப்பார் என்றுதான் நினைத்தேன். தகரத்தில் மழை விழும் சத்தத்தில் வேறெதுவும் கேட்கவில்லை.

லூர்தம்மா வந்து என் காதருகே சொன்னார். “அந்தப் பொண்ணு டீ வாங்கியாறேன்னு போச்சில்ல, பையோட பஸ் ஸ்டாண்டுல நிக்குதாம். கம்பெனிப் பஸ்ஸு வருதாம். பெத்தவ செருப்புகூட போடாம ஓடிட்டா.”

“குழந்தை?” என்றேன். பதிலுக்கு நிற்காமல் பந்தலுக்கு ஓடினேன்.

நான் போனபோது என் மகள் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். தண்ணீர் அவள் கணுக்காலுக்கு மேல் ஓடியது. கத்திக் கத்திக் குரல் போய்விட்டது, வாய் மட்டும் திறந்திருந்தது. தலைக்கு மேலே, சருகும் தூளும் அடைத்துக்கொண்ட பச்சை வலை தண்ணீர் தேங்கிப் பெரிய பானை போலத் தொங்கியது. அதன் கனத்தில் குழாய் முனகியது. இடுப்பு முடிச்சைப் பிடித்தேன். நனைந்த துணி கல்லாகியிருந்தது. நகம் மடங்கியது. மேலே இழுத்தாலும் கீழே இழுத்தாலும் பட்டை நகரவில்லை. குழாயில் இருந்த முடிச்சும் அப்படித்தான். கத்தி எடுக்க ஓடலாம். ஓடினால் அந்த நேரத்தில் பந்தல் விழுந்துவிட்டால்? “லூர்தம்மா, கத்தி!” என்று கத்தினேன். மழையில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவள் மேல் கவிழ்ந்து, என் முதுகைப் பந்தலுக்குக் கொடுத்து அப்படியே நின்றேன். நானும் அந்தக் கயிற்றில்தான் இருந்தேன்.

எவ்வளவு நேரமென்று தெரியாது. யாரோ சேற்றில் விழுந்து எழுந்து வருவது தெரிந்தது. அக்கா. சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது, மூச்சு இரைத்தது. என்னைத் தள்ளிவிட்டு மண்டியிட்டு முடிச்சைப் பிடித்தார். அவருக்கும் அவிழவில்லை. பல்லால் கடித்து இழுத்தார். அதற்கும் வரவில்லை. எழுந்து புல் குவியலுக்கு ஓடி, கருக்கரிவாளை எடுத்து வந்து, அவர் கட்டிய பட்டையை அவரே அறுத்தார்.

விடுபட்டவள் என்னிடம் வரவில்லை. அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

நாங்கள் கூரைக்கு வந்து சேர்ந்தபின் பந்தலின் ஒரு மூலை சரிந்து விழுந்தது. புடவைத் தலைப்பால் என் மகளைத் துவட்டிக்கொண்டிருந்த அவரிடம், “உங்க பொண்ணு?” என்று கேட்டேன்.

“பஸ்ல ஜன்னலாண்ட ஒக்காந்துக்கினு இருந்தா. என்னப் பாத்தா.”

“கூப்பிடலையா?”

“கூப்டத்தான் வாயத் தொறந்தேன். மழ புடிச்சிக்கிச்சி. அய்யோ, கொயந்தய கட்டிப் போட்டுட்டு வந்துட்டோமேன்னு திரும்பிட்டேன்.” பிறகு, “நீ பாத்துக்கறதில்ல?” என்றார். அதில் கோபம் இருந்ததா என்று இன்றும் யோசிக்கிறேன்.

அன்றைக்குப் பிறகு என் மகளை நர்சரிக்கு அழைத்துப் போகவில்லை. கணவர் விடுப்பு எடுத்தார், மாமியார் சீக்கிரம் திரும்பினார். அக்காவும் பல நாள் வேலைக்கு வரவில்லை. அவர் கட்டி வைத்த துண்டுகள் கவர்களில் கட்டியபடியே இருந்தன. அவர் முடிச்சு, அவர் வந்து அவிழ்ப்பார் என்று எல்லோரும் பழக்கத்தில் விட்டுவிட்டோம். ஈரத்தில் புழுங்கிக் குருத்தெல்லாம் அழுகிப்போனது. முதலாளி எங்கள் எல்லோரையும் நிற்க வைத்துத் திட்டினார்.

அக்கா திரும்பி வந்தபோது மணிக்கட்டில் பட்டைகள் இல்லை. சணலை வாங்கிக் கட்டினார். லூர்தம்மா விடாமல், “இன்னாமே, கடைசில பொண்ணு உன்ன ஏமாத்திட்டுப் போயிட்டாளா?” என்று சீண்டினார். அப்போது அக்கா வேறு பதில் சொன்னார்.

“எவ ஏமாத்துனா? நான்தான் போவட்டும்னு திரும்பிட்டேன். என்னப் பாத்ததும் அவ மூஞ்சி போன போக்க நீ பாத்திருக்கணும். பேயப் பாத்த மாரி. பெத்தவளப் பாத்தா அப்படியா பாப்பாங்க?”

நான் பக்கத்தில்தான் இருந்தேன். என்னிடம் சொன்னது நிஜமா, லூர்தம்மாவிடம் சொன்னது நிஜமா என்று கேட்க நினைத்தேன். அவர் சணலைப் பல்லில் கடித்தபடி தூரை அணைத்துக்கொண்டிருந்தார்.

பொங்கலுக்குப் பிறகு அவர் வேலையை விட்டு நின்றார். மகளின் ஹாஸ்டலுக்கு எதிரிலேயே ரூம் எடுத்துக்கொண்டு, அங்கே ஒரு மெஸ்ஸில் காய் நறுக்குகிறார் என்று டிராக்டர் ஓட்டுபவர் சொன்னார். லூர்தம்மா அதை நம்பவில்லை. “சும்மா சொல்றான். அவ புருசனோட காட்டுப்பள்ளிலதான் கீறா” என்றார். கொஞ்ச நாளில், மகளை விட்டுவிட்டு இருக்க முடியாமல் நானும் வேலையை விட்டேன். எனக்கு எது உண்மையாக இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன் என்பதே தெரியவில்லை. ரூம் எடுத்தது உண்மையென்றால் அந்தப் பெண்ணை நினைத்துப் பாவமாக இருக்கிறது. அக்கா அவளை விட்டுவிட்டு இருக்கப் பழகிவிட்டார் என்றால், கட்டிவைத்த ஒருவராலேயே முடிந்தது என்னால் ஏன் முடியவில்லை என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன்.

இப்போது இதை எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. என் மகளுக்கு நாலு வயதாகப் போகிறது. எங்கள் தெருமுனையில் ஒரு மழலையர் பள்ளி. அவளைச் சேர்க்கப் போனபோது அங்கிருந்த மேடம் என் படிப்பைக் கேட்டுவிட்டு, “எங்களுக்கு ஒரு டீச்சர் வேணும். நீங்களே வந்துடுங்களேன், உங்க பொண்ணு கிளாஸையே தர்றேன்” என்றார். கணவர், “இதைவிட இன்னா வேணும்?” என்கிறார். மாமியார் சாமி படத்துக்குக் கற்பூரம் ஏற்றிவிட்டார். நர்சரி முதலாளியும் கூப்பிட்டிருக்கிறார், பழைய ஆபீஸ் வேலைக்கு. அங்கே போனால் நாள் முழுவதும் அவள் என் கண்ணில் படமாட்டாள். மேடத்துக்குத் திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும்.

எனக்கு அந்த வகுப்பறை வேண்டும். எவ்வளவு வேண்டும் என்பதுதான் பயமாக இருக்கிறது. அவள் யாரோடு உட்காருகிறாள், யார் அவளைத் தள்ளினார்கள், டிபன் பாக்ஸில் என்ன மிச்சம், எல்லாம் எனக்குத் தெரிந்துவிடும். சாயங்காலம் வீட்டுக்கு வந்து எனக்குச் சொல்ல அவளிடம் ஒன்றும் இருக்காது.

படிக்கும் நீங்கள் சொல்லுங்கள். தங்கள் பிள்ளை படித்த பள்ளியிலேயே வேலை பார்த்த அம்மாக்கள் எழுதுங்கள், எப்படி இருந்தது? அதைவிட முக்கியமாக, அம்மா டீச்சராக இருந்த வகுப்பில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால் எழுதுங்கள். நிமிர்ந்து எதிரே அம்மாவின் முகத்தைப் பார்த்தபோதெல்லாம் உங்களுக்கு என்ன தோன்றியது? மறைக்காமல் எழுதுங்கள். உங்கள் பதிலைத்தான் முதலில் படிப்பேன்.